கேரவன் கூரை ஒழுகுவதால் திருமணத்துக்கு வர இயலாமை குறித்து

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
அக்டோபர் 21, செவ்வாய்

மதிப்பிற்குரிய அந்தோணிமுத்து மச்சானுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. உங்கள் தங்கை ஐரினும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். கல்யாண வேலையில் நீங்கள் சாப்பிட மறந்தாலும் மாத்திரை போட மறக்கக் கூடாது என்று உங்கள் தங்கை சொல்லச் சொன்னாள். உங்கள் மகள் பவித்ராவின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது. பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலேயே அத்தை என்று ஐரினின் பெயரைப் போட்டிருந்ததைப் பார்த்து அவள் அழைப்பிதழை மாதா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். ஆனாலும் வருகிற திங்கட்கிழமை அனுமந்தன்பட்டிக்கு வர எங்களால் இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். காரணம், எங்கள் கேரவனின் கூரை ஒழுகுகிறது.

இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தைக் கசக்கக் கூடும். "நூத்திப்பத்து கிலோமீட்டருக்குக் கேரவன் என்னத்துக்கு? பஸ்ல வந்தா மாப்பிள்ளைக்குக் கௌரவம் கொறஞ்சிருமா?" என்று நீங்கள் கேட்பது இங்கேயே என் காதில் விழுகிறது. தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் மற்றவர்கள் மனுவில் 'காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். ஆகவே தெளிவாகவே குறிப்பிடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

போன சித்திரையில் கொச்சிக்காரர் ஒருவரிடம் இந்த வண்டியை வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது என் ஆசை, ஐரினைக் கேட்டு வாங்கவில்லை. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு டாய்லெட். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு டாய்லெட் கதவை மட்டும் மூன்று முறை தாழிட்டுத் திறந்து பார்த்தாள். திண்டுக்கல்லில் இத்தனை வருடம் இருந்தவளுக்குப் பூட்டுத் தாழ்ப்பாளில் கண் போவது இயல்புதானே என்று நான் விட்டுவிட்டேன்.

ஆவணியில் முதல் மழை பெய்தது, என் தலையணையில் சொட்டியது. நான் கடைக்குப் போய் ஒரு டியூப் சிலிக்கானும் அதைப் பிதுக்கும் துப்பாக்கியும் வாங்கிவந்து, கூரைத் தகடுகள் சேரும் மூட்டுகளில், ஏற்கெனவே இருந்த பழைய பூச்சுக்கு மேலேயே, தோசைக்கு எண்ணெய் விடுவது போலத் தாராளமாக விட்டேன். அடுத்த மழையில் இரண்டு இடத்தில் சொட்டியது. மறுபடி ஒரு டியூப் விட்டேன், நாலு இடத்தில் சொட்டியது. மூன்றாம் தடவை ஏறியபோது கால் வைத்த இடம் வெல்லம் போல இளகி, என் வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அந்த நேரம் உள்ளே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் உங்கள் தங்கை. அவள் கூச்சல் போடவில்லை. "மேலேருந்து ஒரு காலு வருது. செருப்பப் பாத்தா நம்ம வீட்டுச் செருப்பாத்தான் இருக்கு," என்று வாசலில் நின்ற பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியிடம் சொன்னாள். தெருவே வந்து பார்த்தது.

அதற்குப் பிறகுதான் பேகம்பூரில் லாரிக்கு பாடி கட்டும் முனீர் பாயைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் தவழ்ந்துபோய், கூரையை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார்.

"உள்ள இருக்கிற பலகை ஊறிருச்சு சார். சொட்டுற எடத்துலயே ஓட்டை இருக்கும்னு நெனச்சீங்களா? தண்ணி ஒரு எடத்துல ஏறும், உள்ளுக்குள்ளயே நடந்து போய் வேற எடத்துல எறங்கும். பழசு மேல புதுசப் பூசுனா புடிக்காது. அம்புட்டையும் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்."

தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, குழாயைப் பிடித்துக் கீழ் மூட்டிலிருந்து ஒவ்வொன்றாக நனைப்பது, உள்ளே ஓர் ஆள் டார்ச்சோடு பார்ப்பது. நான் மோட்டாரைப் போட்டுக் குழாயைப் பிடித்தேன். குடிதண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது என்பது என் புத்தியில் இல்லை. முத்துப்பேச்சி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். "ஏண்ணே, மனுசருக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், நீங்க வேனக் குளிப்பாட்டுறீங்களா?" இது போர்த் தண்ணிம்மா, உப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "அதையாச்சும் ஊத்துங்க, பாத்திரமாவது கழுவுறேன்," என்றாள். ஆறு குடம் நிரப்பிக் கொடுத்த பிறகே சோதனை தொடர்ந்தது.

கடைசியில் உள்ளேயிருந்து முனீர் பாய் கத்தினார். டாய்லெட்டுக்கு மேலே காற்றுப் போக வைத்திருக்கும் சதுர மூடி, அதன் நாலு பக்க மூட்டும் வெடித்திருந்தது. "இதச் சரி பண்றதவிட டாய்லெட்டையே எடுத்துட்டு, மேல ஒரே தகடா அடிச்சு மூடிரலாம் சார். ஓட்டையே இல்லேன்னா ஒழுகாதுல்ல?" என்றார். எனக்கு அது மகா யோசனையாகப் பட்டது. சந்தோஷமாக வீட்டுக்குள் போய் ஐரினிடம் சொன்னேன்.

"அப்ப நான் வரல," என்றாள்.

"எங்கடி வரல?"

"எங்கயும்தான்."

இனி எழுதப்போவதை அன்றுதான் என்னிடம் சொன்னாள், உங்களிடம் சொல்லக் கூடாது என்று மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் உங்கள் அம்மாவின் நினைவுத் திருப்பலிக்கு வந்துவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோமே, அன்றைக்கு வத்தலக்குண்டு தாண்டியதும் அவளுக்கு அடக்க முடியவில்லை. எழுந்துபோய் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "ஏறுறதுக்கு முன்னாடியே போயிட்டு வரக் கூடாதாம்மா?" என்று கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். சிலர் சிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவளிடம் தமிழ் படித்த பெண் ஒருத்தி இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாளாம். செம்பட்டி வருவதற்குள் சேலை நனைந்துவிட்டது. நான் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் மச்சான். வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் குளிக்கப் போனதைப் பார்த்து, பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு முழங்கால் வலி என்றாள், உங்கள் கண் ஆபரேஷனுக்குத் தலைசுற்றல் என்றாள். கார் பிடிக்கலாம் என்றால், வழியில் எந்தப் புதரில் இறங்குவது என்று அவள் மனசுக்குள் கேட்டிருக்கிறாள், வாய்விட்டு என்னிடம் கேட்கவில்லை. நான்தான் அவளை அனுப்ப மறுக்கிறேன் என்று நீங்கள் போனில் சத்தம் போட்டீர்கள். அந்தப் பழியை நானும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, அவள் திமிரைத்தான் மூடி மறைக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எத்தனை பேருடைய மனுவில் விட்டுப்போன வரியைக் கண்டுபிடித்திருக்கிறேன், வீட்டில் ஒருத்தி ஆறு வருடமாக ஒரு வரியை விட்டுவிட்டுப் பேசியது எனக்குத் தெரியவில்லை.

முனீர் பாயிடம் டாய்லெட் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கவில்லை. மூன்று நாள் மூவருமாகச் சுரண்டினோம். என் தாராளமான சிலிக்கான் அத்தனையும் ரப்பர் ரப்பராக உரிந்து வந்தது. ஊறிய பலகையை மாற்றி, மூட்டுகளைத் தின்னர் போட்டுத் துடைத்து, மூடியின் விளிம்புக்கு அடியில் பிசின் பட்டை ஒட்டி, திருகாணிகளை இறுக்கி, அதன் மேல் தானாகப் பரவிப் படியும் பூச்சை விட்டோம். உங்கள் தங்கை ஏணியில் ஏறி நின்று சாக்கட்டியால் மூட்டுகளுக்கு ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டு, எது முடிந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்க்க வேண்டுமாம். காயும் வரை தார்ப்பாய் கட்டிக் காவல் இருந்தோம். அவள் அந்த நாட்களில் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன்.

நேற்று சாயங்காலம் சிறுமலைப் பக்கமிருந்து நல்ல மழை வந்து அடித்தது. இருவரும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு டாய்லெட் வாசலில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் நோட்டில் அதைக் குறித்துவிட்டு, "சரி, விடுங்க," என்று எழுந்து போய்விட்டாள். மறுபடி சுரண்டிப் பூசிக் காய வைக்கத் திங்கட்கிழமைக்குள் நாள் இல்லை. அவளை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. எனவேதான் இந்தக் கடிதம்.

மணமக்கள் ஒருவர் சொல்லாததையும் மற்றவர் கேட்டு வாழ ஆண்டவர் அருள்புரிவாராக. உங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு இந்த மழை கெடுதல் செய்யாதிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ராயப்பராஜ்

பி.கு: உறைக்குப் பசை தேடப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதை முழுதும் படித்துவிட்டாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவாள் என்று நின்றேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டு, "அந்தச் சொட்டு கூரையிலேருந்து விழல. நனைஞ்ச குடைய நீங்கதான் கொண்டுபோய் டாய்லெட் வாசலுக்கு மேல இருக்கிற கொக்கியில மாட்டுனீங்க," என்றாள். தெரிந்துமா நோட்டில் எழுதினாய் என்று கேட்டேன். "ஒழுகுனாத் தேவலைன்னு இருந்துச்சு. வண்டி சரியாயிருச்சுன்னா அப்புறம் போகாம இருக்க என்ன சாக்கு சொல்ல? இப்பத்தான் எல்லாத்தையும் எழுதி வச்சுட்டீங்களே, இனி எதுக்குச் சாக்கு," என்றாள். ஆகவே மேலே கண்ட அனைத்தும் ரத்து. சனிக்கிழமை காலை புறப்படுகிறோம். கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டாம், தானே அண்ணன் கையில் கொடுப்பதாகச் சொல்கிறாள். இந்த வரியை நீங்கள் படிக்கும்போது அவள் உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பாள். ஒன்றும் கேட்காதீர்கள் மச்சான். உள்ளே வா என்று மட்டும் சொல்லுங்கள்.