சந்தனம் பூசிய சக்கரம்

மனித குலத்தில் 'ஒருதடவை முறுக்கி' என்றொரு இனம் உண்டு. அருகிவரும் இனமோ என்று பதற வேண்டாம். தென்காசி வட்டாரத்தில் மட்டும் வீட்டுக்கு ஒன்றரை வீதம் இருக்கிறது. இது எதையும் ஒரே ஒரு முறைதான் முறுக்கும், பூட்டும், கட்டும். இரண்டாம் முறை தொட்டுப் பார்ப்பது அதன் மானத்துக்கு இழுக்கு. பூட்டை இழுத்துப் பார்க்காது, கேஸைத் திருகிவிட்டு மோந்து பார்க்காது, டிக்கெட்டில் தேதி பார்க்காமல் ஒரு நாள் முன்னதாக ஸ்டேஷனுக்குப் போய் நின்று, ரயில்வேக்காரர்கள் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று கோபித்துத் திரும்பி வரும். அடையாளம் சுலபம்: வேலை முடிந்ததும் அந்தப் பொருளை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "இனி இது எங்கயும் போவாது" என்று சொல்லும்.

போகும்.

அச்சன்புதூர் முத்துராஜ் இந்த இனத்தின் சிங்கம். சொந்தப் பிக்கப் வைத்து லோடு அடிக்கிறவர். போன சாரல் சீசனில் அவருக்கு ஒரு குறை முளைத்தது. வண்டியின் சக்கரங்கள் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன்போல் உள்ளே ஒடுங்கி நிற்கின்றனவாம். தோளை விரித்து வெளியே தள்ளி நிற்க வேண்டுமாம். அதற்கென்றே ஸ்பேசர் என்ற சாமான் விற்கிறது. தடித்த ஓர் அலுமினிய வட்டம். சக்கரம் உட்காரும் ஹப்பில் அதை முறுக்கி, அதன்மேல் சக்கரத்தை மாட்டினால் இரண்டு விரல்கடை வெளியே வந்துவிடும். கூடவே ஆபத்தும்.

மனைவி முத்துலட்சுமியோடு ஆலங்குளத்துக்குப் போய், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜோஷ்வாவிடம் விசாரித்தார்.

"லோடு வண்டிக்கு இது வேண்டாம் அண்ணாச்சி. கேக்கவே மாட்டீங்கன்னா கொண்டாங்க, நானே மாட்டித் தாரேன்."

"அஞ்சாறு நட்டு முறுக்க உங்கிட்ட வரணுமாலே? எப்படின்னு மட்டும் சொல்லு."

பாவம், சொன்னான். "ஹப்போட முகத்தக் கம்பி பிரஷ் வச்சுத் தேச்சிருங்க. துரு, மண்ணு, பெயிண்டு எதுவும் நடுவுல இருக்கப்படாது. ரெண்டு முகமும் அப்பிடியே ஒட்டணும். நட்ட எதிரெதிரா முறுக்குங்க. இந்த டார்க் ஸ்பானரக் கொண்டுபோங்க, இறுக்கம் கணக்கா வந்ததும் டக்குனு சொல்லும், அதோட நிப்பாட்டணும். எம்பது கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒருக்கா எல்லாத்தையும் முறுக்கிப் பாத்துரணும். அதுக்கு முன்ன லோடு ஏத்தாதீங்க."

முத்துலட்சுமி அத்தனையையும் கைப்பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் முதுகில் எழுதிக்கொண்டாள்.

முத்துராஜ் ஹப்பைத் தேய்த்தார். முகம் பார்த்துத் தலைவாரலாம், அவ்வளவு பளபளப்பு. ஆனால் புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் மாட்டலாமா? வெளியே வைத்தால் சாரலில் கரைந்துபோகுமே! ஆகவே அந்தப் பளபளப்பின் மேலேயே, ஸ்பேசர் ஒட்ட வேண்டிய அதே இடத்தில், சந்தனமும் குங்குமமும் வைத்தார். மூன்று சக்கரங்களுக்கு மோதிர விரலால் ஒரு சின்னத் தீற்றல். கடைசியாகப் பின்பக்க இடது சக்கரம். கிண்ணத்தில் மீந்ததை வீணாக்க மனம் வருமா? ஆப்ப மாவு சுழற்றுவதுபோல் முழு முகத்துக்கும் மெழுகிவிட்டார். ஸ்பானரும் டக்கென்றது, அதற்கென்ன தெரியும், உள்ளே சந்தனக்காப்பு நடந்திருப்பது? நான்கு எலுமிச்சைகள் நசுங்கின. டயரைக் குதிகாலால் ஓர் உதை, உள்ளங்கையால் இரண்டு தட்டு. "இனி இது எங்கயும் போவாது."

ஒரு வாரம் வண்டி ஓடியது. உள்ளே சந்தனம் காய்ந்து, பொடிந்து, உதிர, அது இருந்த இடம் காலியாகி நட்டுகள் தளர்ந்தன. முத்துலட்சுமி தினமும் பத்திரிகையை நீட்டினாள்.

"எம்பது எப்பவோ ஆயிட்டு. அந்தத் தம்பி திரும்ப முறுக்கச் சொல்லுச்சுல்லா?"

"ஒருக்கா முறுக்குனா முறுக்குனதுதாம்ட்டி. திரும்பப் போய் முறுக்குனா, மொத தடவ நமக்குச் சரியா முறுக்கத் தெரியலன்னு அந்த நட்டு நெனச்சுராதா?"

நட்டின் மரியாதையைக்கூடக் கருதுகிற மனிதர்!

எட்டாம் நாள் ஷமீம் பானுவின் மகளுக்குக் குற்றாலத்தில் கல்யாணம். அச்சன்புதூரில் தம் போட்ட, தேக்சா என்கிற பெரிய அண்டாவில் மூன்று நிறையப் பிரியாணி, நானூறு பேர் பசி, எல்லாம் இந்தப் பிக்கப்பில். முன்னால் முத்துராஜும் முத்துலட்சுமியும், தேக்சாக்களைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் சமையல்காரர் பண்டாரி சேக் மைதீன். "ஒரு மணிக்குள்ள சோறு வந்துரணும். மாப்பிள்ள வீட்டாளுவ பசிச்சா நிக்காஹ்வையே திருப்பிக் கேட்டுருவாங்க" என்று ஷமீம் பானு மூன்று முறை போன் செய்துவிட்டார்.

இலஞ்சி தாண்டியதும் பின்னால் கடகடவென்றது.

"ஓய், என்னமோ ஆடுது!" என்று கத்தினார் சேக் மைதீன்.

"உம்ம தேக்சா மூடிதான் ஆடும். அமுக்கிப் பிடியும்!"

ஐந்தருவிச் சாலை ஏற்றத்தில், முத்துலட்சுமியின் ஜன்னலோரமாக ஒரு சக்கரம் தனியே வண்டியை முந்திக்கொண்டு போயிற்று.

முத்துராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எந்தக் கூறுகெட்டவனோ நட்ட முறுக்காம வந்துருக்கான் பாருட்டி!"

"அதுல சந்தனம் இருக்கு" என்றாள் முத்துலட்சுமி.

வண்டி இடுப்பொடிந்து உட்கார்ந்தது. சக்கரமோ மேலே போய், நின்று யோசித்து, இறக்கத்தில் திரும்பி, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் வரிசையில் நுழைந்து சாய்ந்தது. சீசன் கூட்டத்தில் தலை நிமிர நேரமில்லாத ஒருவர் அதற்கும் ஒரு கை எண்ணெய் ஊற்றித் தேய்த்து, "ஒடம்பு ரொம்ப சூடா இருக்கு சார்" என்றாராம். இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதி என்பது உங்கள் சாமர்த்தியம்.

மணி பன்னிரண்டே முக்கால். எண்ணெய் தேய்த்துத் துண்டோடு நின்ற பன்னிரண்டு பேர் ஓடிவந்து தேக்சாவைத் தூக்கினார்கள். தூக்கினால் வழுக்குகிறது, பிடித்தால் நழுவுகிறது. சேக் மைதீன் பக்கத்துக் கடைச் சீயக்காயை அள்ளி அத்தனை கைகளிலும் தேய்த்தார். பிடி கிடைத்தது! துண்டு கட்டிய ஊர்வலம் சரியாக ஒரு மணிக்கு மண்டபம் ஏறியது. நிக்காஹ் நிலைத்தது. மாப்பிள்ளையின் பெரியவாப்பா மட்டும், "மசாலாவுல என்னமோ ஒரு குளிர்ச்சி" என்று மறுசோறு கேட்டார்.

சாயங்காலம் ஜோஷ்வா வந்து நான்கு ஸ்பேசர்களையும் கழற்றி, பழையபடி சக்கரங்களை மாட்டினான். முத்துராஜ் டயரை உதைத்தார், தட்டினார், "இனி இது..." என்று தொடங்கினார். முத்துலட்சுமி ஜோஷ்வாவின் ஸ்பானரை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு நட்டாக மறுபடி பார்க்கக் குந்தினாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்க உட்காருமுன் அடுப்பை அணைத்தீர்களே, திரும்ப ஒருமுறை பார்த்தீர்களா? "அதெல்லாம் அணைச்சாச்சு" என்று இப்போது மனதுக்குள் சொன்னது யார்?

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் போக மாட்டேன்.