நாலு தையல் கூடும் இடம்

தையல்காரர் சைக்கிளிலிருந்து இறங்கினார். அவருடைய உடம்பில் ஒரு பகுதி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

எங்கே போயிற்று என்று தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. கோட்டுக்கு அளவு கொடுக்க ஒருவர் கடை வாசலிலேயே காத்திருந்தார். தையல்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, தன்னையும் சற்று நேரம் அதன் மேல் சாய்த்துக்கொண்டு, "வாங்க சார், இதோ வந்துட்டேன்" என்றார். வரவில்லை. வர முடியவில்லை.

அந்த சைக்கிள், தொந்தியைக் குறைப்பதற்காக மனைவியின் தம்பி தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது. "ரேஸ் வண்டி மாமா. சீட்டைப் பாருங்க, கத்தி மாதிரி!" என்றான். கத்தி மாதிரி என்பதை அன்றைக்கு அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். தினமும் விடிந்ததும் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார். அப்புறம் மறுநாள் காலை வரை வண்டியின் பக்கமே போகமாட்டார். தொந்தி அப்படியே இருந்தது. போனது வேறு.

மற்ற நேரமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

கடைக்கு மேல்தான் வீடு. மனைவி கணக்கு டீச்சர். அவளுக்குப் பரீட்சைத் தாள், அவருக்கு யூனிஃபார்ம் சீசன். இருவரும் மாதக்கணக்கில் மாடிப்படியில் மட்டுமே சந்தித்துக்கொண்டிருந்தார்கள். மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போனதும், "இனிமே நமக்கு யாரு இருக்கா, நாமதான்" என்று சொல்லி மனைவியே ஓர் ஏற்பாடு செய்தாள். ஏரிக்கரை விடுதியில் சனி, ஞாயிறு. ஜன்னலைத் திறந்தால் ஏரி. உள்ளே ஒரே கட்டில். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் ஒரு சட்டைக்கு மூன்று கை வெட்டினார்.

அப்படிப்பட்ட சனிக்கிழமைக்கு மரத்துப்போன ஆளாகப் போவதா? டாக்டரிடம் போனார்.

டாக்டர் அறையின் கதவு முழுதாகச் சாத்தாது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அதில் பாதிப் பேர் பேன்ட் அவர் தைத்தது.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"மரத்துப் போகுது டாக்டர்."

"எங்க?"

"சைக்கிள்ல."

"உடம்புல எங்க?"

தையல்காரர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேன்ட்ல நாலு தையலும் கூடுற இடம் ஒண்ணு இருக்குங்களே…"

டாக்டர் குனிந்து தன் பேன்ட்டின் தையலைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து போனார். போய்ச் சேர்ந்ததும், "ஓ!" என்றார். அவரும் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல எப்படி?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல டாக்டர்."

"அதைத்தான் கேக்கறேன்."

"அதைத்தான் சொல்றேன்."

டாக்டர் தலையசைத்து, பெஞ்சுக்குக் கேட்காதபடி வேகமாக முணுமுணுத்தார். "பயப்படாதீங்க. எல்லாம் சீட்டால வந்தது. அங்கதான் நரம்பு போகுது, ரத்தக் குழாய் போகுது. சீட் சரியில்லன்னா அதைப் போட்டு அழுத்தும். ரத்தமே போகலன்னா உணர்ச்சி எங்கேருந்து வரும்? சீட்டைக் கொஞ்சம் அகலமாக்குங்க. ரெண்டு விரல் இறக்குங்க. மூக்கு லேசா கீழ பாக்கட்டும். சரியாயிடும்."

இங்கேதான் தொழில் குறுக்கே வந்தது. இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம் என்ற வரிசையில்தான் தையல்காரர் இருபது வருஷமாக மனிதர்களைப் பார்த்திருக்கிறார். உட்காருகிற இடத்தின் சுற்றளவுக்குத் தையல் கடையில் சீட் என்று பெயர். உலகத்தில் வேறு சீட்டுகள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அகலமாக்கு, ரெண்டு விரல் இறக்கு என்று ஒருவர் சொன்னால் அது எந்த சீட் என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது.

தலைகுனிந்து வெளியே வந்தார். ஊருக்கெல்லாம் கோட்டு தைத்தவர், தன் பேன்ட்டில் கோட்டை விட்டுவிட்டார்!

அன்றைக்கே தன் பேன்ட்டுகள் எல்லாவற்றையும் பிரித்து, சீட்டை அகலமாக்கி, ரெண்டு விரல் இறக்கினார். தன் மேல் இருந்த கோபத்தில் நாலு விரலே இறக்கினார்.

மனைவி நின்றுகொண்டே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைச் சுற்றிலும் பார்த்தாள்.

"என்னங்க இது? உள்ள இன்னொருத்தருக்கும் இடம் இருக்கும் போல?"

"காத்தோட்டம்."

"யாருக்கு?"

"நீ ஏன் நின்னுக்கிட்டே திருத்தறே?" என்று பேச்சை மாற்றினார்.

"உக்காந்தா மார்க் அள்ளிப் போட்டுடறேன்" என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அந்த நாலு விரல் துணி சைக்கிளில் மடிந்து, சுருண்டு, கயிறு போலத் திரண்டு சரியாக அந்த நாற்சந்தியில் போய் நின்றது. சிக்னலில் இறங்கப் பார்த்தபோது தொங்கிய துணி சீட்டின் முனையில் மாட்டிக்கொண்டது. அவர் ஒரு பக்கமும் சைக்கிள் மறு பக்கமும் விழ முயன்று, துணி கிழியாத காரணத்தால் சேர்ந்தே விழுந்தார்கள். நடுரோட்டில் கிடந்த நிலையிலும், தன் தையல் பிரியவில்லை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

சரி, டாக்டர் சொன்னதில் இன்னொன்று பாக்கி இருந்தது. மூக்கு கீழே பார்க்க வேண்டும். அது தையலில் வராது. உட்காரும் விதத்தைச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தார். அடுத்த நாள் முகவாய் மார்பில் முட்ட, மூக்கு கைப்பிடியைத் தொட, மொத்த பாரத்தையும் முன்னால் தள்ளி ஓட்டினார். கூரியர் வண்டியின் பின்பக்கம் எழுதியிருந்த எச்சரிக்கையை அவர் மிக அருகில் வாசிக்க நேர்ந்தது. முன்பு மரத்துப்போகப் பாலம் வரை போக வேண்டியிருந்தது. இப்போது தெருமுனை போதும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் சைக்கிள் வேறு சற்றுக் குட்டையாகிவிட்டதுபோல முட்டி மடங்கியது. பேன்ட்டின் சீட்டை இறக்கியதால் கால் நீண்டுவிட்டதாக ஒரு கணக்குப் போட்டு, அதையும் தன் தப்பாகவே எடுத்துக்கொண்டு, சைக்கிளின் சீட்டை ஏற்றி வைத்துக்கொண்டார்.

மச்சான் கடைக்கு வந்தான். மாமா நடக்கிற நடையைப் பார்த்தான்.

"என்ன மாமா, குதிரையை எங்க கட்டிட்டு வர்றீங்க?"

"வெட்டிப் பேச்சு போதும், வந்த வேலையைப் பாரு மாப்ள."

"வீட்டுல ஏதும் சண்டையா? மேல போனேன், அக்கா நின்னுக்கிட்டே சாப்பிடறா. உக்காருக்கான்னா மொறைக்கிறா. அந்த ஏரிக்கரை ட்ரிப்பைத் தள்ளி வெச்சுக்கலாமான்னு வேற யோசிக்கிறா."

தையல்காரரின் கையில் கத்தரிக்கோல் நின்றது. தள்ளிவைத்தால் நல்லதுதான் என்று ஒரு மனம் சொன்னது. அவள் ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்று இன்னொரு மனம் கேட்டது. யோசித்தால், இந்தப் பத்துப் பதினைந்து நாளாக அவளும் கட்டிலின் ஓரமாகத்தான் படுக்கிறாள். அவள் நெருங்கினால் என்ன செய்வது என்று பயந்து இவர் அந்தக் கோடி. எதற்கோ பயந்து அவள் இந்தக் கோடி. நடுவில் இருந்த இடத்தில் ஒரு கட்டிங் டேபிள் போடலாம்.

மதியம் மேலே போய், அடுப்படியில் நின்று டாக்டருக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

"சொன்னதெல்லாம் செஞ்சாச்சு சார்… இல்ல சார், எனக்கு எந்த உணர்ச்சியும் இல்ல. சுத்தமா செத்துப் போச்சு… வீட்டுல இன்னும் சொல்லல…"

"அப்ப மெத்து வெச்ச சீட் போட்டுப் பாருங்க" என்று சொல்லி டாக்டர் போனை வைத்துவிட்டார்.

திரும்பினார். வாசற்படியில் மனைவி. பள்ளிக்கூடத்தில் அரை நாள் போலிருக்கிறது. முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்:

"உங்களுக்குமா?"

அந்த 'உம்'தான் அவரைக் கொன்றது. இருபது வருஷக் குடும்பம் ஒரு 'உம்'மில் முடிந்துபோகும் என்று அவர் நினைக்கவில்லை.

"ரெண்டு பேருக்குமே இல்லன்னா… யாரைக் குத்தம் சொல்றது?" என்றார்.

"இல்லங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா…"

"வேணாம்மா. எதுவும் சொல்லிடாதே" என்று தொங்கும் பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

அன்று சாயங்காலம் அவர் செய்த காரியத்தைத் துக்கத்தில் செய்ததாகத்தான் கொள்ள வேண்டும். மெத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் இருந்த மெத்து, கோட்டின் தோளுக்கு வைப்பது. அதில் நாலு எடுத்துப் பேன்ட்டுக்குள் வைத்து இரட்டைத் தையல் போட்டார். வெள்ளிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு, உட்காருகிற இடத்தில் இரண்டு அதிகாரிகள் தோளை உயர்த்தி நிற்பதுபோலத் தெருவைக் கடந்தார். பாலம் வருவதற்குள் தொடையும் மரத்துப்போயிற்று.

நேரே டாக்டரிடம் போய், கதவைப் பற்றிக் கவலைப்படாமல் கத்தினார். "என்ன டாக்டர் வைத்தியம் இது? அகலமாக்கினேன், இறக்கினேன், மெத்து வெச்சேன். பாருங்க!"

திரும்பி நின்று காட்டினார்.

டாக்டர் மேஜைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா… நான் சொன்னது சைக்கிள் சீட்டை."

"சைக்கிள் சீட்டுக்கு எங்க மூக்கு இருக்கு?"

"அதோட முனைதான்யா மூக்கு!"

பெஞ்சில் யாரோ இருமினார்கள். இருமலாகத்தான் ஆரம்பித்தது.

தையல்காரர் வெளியே வந்தார். விஷயம் இவ்வளவுதானா? ஒரு ஸ்பேனர் வேலை! ஆனால் இப்போது சரி செய்து என்ன பயன்? 'உங்களுக்குமா?' என்று கேட்டவளுக்கு எந்த ஸ்பேனர் போடுவது? ஆனாலும் நாளைக்குச் சனிக்கிழமை. போனால் போகட்டும் என்று விட அவருக்கு மனம் வரவில்லை. சீட்டை மாற்றிவிட்டு, மாடிக்குப் போய், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது. அப்புறம் அவள் இஷ்டம்.

கடைத் தெருவில் இருந்த சைக்கிள் கடைக்காரர் மச்சானின் சிநேகிதர். அங்கே போனால் சாயங்காலத்துக்குள் குடும்பத்துக்கே தெரிந்துவிடும். அதனால் யாருக்கும் தன்னைத் தெரியாத, பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்துச் சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"அகலமான சீட்டு ஒண்ணு வேணும்ங்க. மூக்கு கீழ பாக்கணும்" என்றார், புதிதாகக் கற்ற கம்பீரத்துடன்.

சைக்கிள் கடைக்காரர் வண்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அந்தப் பேன்ட்டைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வண்டி உனக்கு எப்படிய்யா கிடைச்சுது? இது கணக்கு டீச்சரோடது! ஏரிக்கரையில வீட்டுக்காரரு கூட ஜோடியா ஓட்டிக் காட்டணும்னு, அவருக்குத் தெரியாம தினம் சாயங்காலம் மைதானத்துல ஓட்டிப் பழகறாங்க. நேத்துகூட, 'இந்த சீட்டால எனக்கும் மரத்துப் போச்சு, அவருக்கும் மரத்துப் போச்சு, சனிக்கிழமைக்குள்ள எப்படியாவது மாத்திக் குடுங்க'ன்னு அழாத குறையாச் சொல்லிட்டுப் போனாங்க!"