ஒரு சொட்டும் ஒழுகாத பந்தல்

வரும் என்று தெரிந்த மழையை மனிதர்கள் எளிதில் சமாளித்துவிடுகிறார்கள். குடையைத் தேடுகிறார்கள், கொடித்துணியை அள்ளுகிறார்கள், ஒரு தேநீரைப் போட்டுக்கொண்டு சன்னலோரம் அமர்ந்துவிடுகிறார்கள். வரலாம் என்று சொல்லப்படும் மழைதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. இதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. என் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று என் தலைமேல் விழுந்த தண்ணீரிலிருந்து அறிந்தேன்.

நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். நான் படிக்கும் நூல்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கின்றன. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அதற்கு வெக்கை என்று பெயர். (குயில் இல்லாமல் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே, அது கூவுவது அதற்கே கேட்காது.)

அந்தச் சித்திரையில் ஒரு வாரம் முழுவதும் வானம் முடிவெடுக்க இயலாமல் தவித்தது. நண்பகல் தாண்டியதும் கொருக்குப்பேட்டைச் சரக்கு யார்டுக்கு அப்பால், மணலிப் புகைபோக்கிகளின் மேல், வெள்ளையாக ஏதோ கிளம்பும். முதலில் புகை என்றே எண்ணுவோம். அது மேலே மேலே ஏறி, உச்சியில் வெயில் மின்ன, அடிவயிறு மை கொட்டினாற்போல் கறுத்து, கோபுரத்தின்மேல் கோபுரமாக எழுந்து நிற்கும்போதுதான் மேகம் என்று தெரியும். மாலையில் அது எங்களை நோக்கி நகரும். காகங்கள் வாயை மூடிக்கொள்ளும். தெருப்புழுதி தானே எழுந்து ஓடும். ஒரே ஓர் இடி, அலமாரியிலுள்ள எவர்சில்வர் பாத்திரங்களையெல்லாம் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகும். அதன்பின் அந்த மாபெரும் மேகம் எங்கள் தலைக்கு மேலாகவே கடந்து கடலுக்குச் சென்று, நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் அப்பால், வைத்திருந்ததை எல்லாம் அங்கே கொட்டும். எங்களுக்கு ஒரு துளியும் கிடையாது. மாடிச்சுவரில் கைவைத்தபடி, கடல்மேல் சாம்பல்நிறத் திரையாகத் தொங்கும் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில்கூட யாரும் பேசுவதில்லை.

என் கைபேசி நாள்தோறும் ஒரு மேகத்தையும் அதன்கீழ் ஒரு மின்னலையும் வரைந்து காட்டியது.

"இன்னாடி சொல்லுது உன் போனு?" என்பார் அம்மா.

"இடியுடன் மழைக்கு வாய்ப்பு உண்டு என்கிறது."

"நேத்தும் அதத்தான் சொல்லிச்சு. வருமா வராதான்னு நல்லாக் கேட்டுச் சொல்லு. ஞாயித்துக்கெயம வூட்ல விசேஷம் வச்சிக்கினு, வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கீறேன்."

விசேஷம் என்றது மஞ்சுளா அக்காவின் நிச்சயதார்த்தத்தை. என் நைனாவும் தாய்மாமன் ஏழுமலையும் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எல்லாவற்றையும் அந்தக் காலத்துக்குள் அடைத்துவிடுவோம். விளைவு, எந்த மண்டபமும் காலி இல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டுத் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவானது.

ஆனால் தட்டு மாறுமா என்பதே ஐயமாக இருந்தது. அக்கா காதலித்தவர் பிரகாஷ், மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருக்கு அம்மா மட்டும்தான். அம்மாவின் சொல்லை அவர் மீறமாட்டார். மணலி புதுநகரிலிருந்து அந்த அம்மையார், சாரதா அத்தை, முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமாவும் அம்மாவும் மாறி மாறிப் பேச, அவர் பெரும்பாலும் பேசாமல், காதோரம் ஒரு கையை வைத்தபடியே அமர்ந்திருந்தார். போகும்போது, "ஞாயித்துக்கிழமை வர்றோம். மத்தத அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவரும் அந்த வாரத்து வானத்தைப்போலவே இருந்தார். அக்கா சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்துபோனாள்.

நான் ஆய்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். குறை எங்கள் குரலில் இருக்கிறது. நைனாவும் மாமாவும் வாழ்நாளெல்லாம் டீசல் எஞ்சினுக்கு மேல் பேசிப் பழகியவர்கள். அம்மா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுப்பவர். அங்கே மெல்லப் பேசினால் மீன் பிறருடையது. இத்தகைய வீட்டில், அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் ஒரே பிறவி நான். (அதனால் இருபத்திரண்டு வயதுவரை வீட்டில் நான் ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை.) நாகரிகமான அந்த அம்மையார் எங்கள் இரைச்சல் தாளாமல் காதைப் பொத்திக்கொண்டார் என்பது என் கண்டுபிடிப்பு. ஆகவே ஒரு சட்டம் இயற்றினேன்: ஞாயிறன்று எவரும் குரலை உயர்த்தக்கூடாது.

"மெதுவான்னா எப்டி?" என்றார் மாமா.

"அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி."

"இப்டியா?" என்று அவர் கிசுகிசுத்தார். எதிர்வீட்டிலிருந்து, "இன்னா ஏயுமல, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று பதில் வந்தது.

அக்காவுக்காக அனைவரும் பயின்றார்கள். நைனா, உப்பு வேண்டும் என்பதையே யாரோ இறந்த செய்திபோல் சொல்லப் பழகினார்.

பந்தல் மாமாவின் பொறுப்பு. வாடகைக்குப் பந்தல் போடுபவர் கொண்டுவந்த பூப்போட்ட துணியை அவர் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பியனுப்பினார். படகில் வலைகளை மூடும் நீலத் தார்ப்பாய் தடைக்காலத்தில் சும்மா கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே படகுக் கயிறு. மாடியைச் சுற்றிச் சவுக்குக் கட்டைகளை நட்டு, தார்ப்பாயைக் கட்டில்போல் மட்டமாக விரித்து, மூலைக்கு மூலை மாடிச்சுவர்க் கம்பியோடு இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ஒரு பக்கம் சாச்சிக் கட்டுங்கண்ணே, தண்ணி ஓடணும்ல" என்றார் பந்தல்காரர், போகிறபோக்கில்.

"சாச்சா காத்து பூந்து அப்டியே தூக்கினு பூடும்பா. கடல்ல காத்துதான் எமன். மேல வுயற தண்ணி இன்னா பண்ணும்?" முடிச்சைக் காலால் உதைத்துக் காட்டினார். "பொயலே வந்தாலும் அவுராது. ஒரு சொட்டு ஒயுவாது."

அவர் சொன்ன இரண்டும் நடந்தன.

ஞாயிறு மாலை மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கியபோது, மணலிப் பக்கத்து மேகமும் அவர்களோடே வந்து இறங்கியது. மாடியில் எல்லாரும் அமர்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் பேசவில்லை. அம்மா புன்னகைத்தார். நைனா கைகளைப் பிசைந்தார். மாமா வாயை மட்டும் அசைத்து, "வாங்க, வாங்க" என்றார். சாரதா அத்தை, பந்தலின் நட்டநடுவில் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர் முகம் மெல்ல இறுகுவதைக் கண்டு, எங்கள் பண்பாடு அவரைத் திகைக்க வைத்துவிட்டது என்று நான் உள்ளூரப் பெருமைகொண்டேன்.

அப்போது காற்று நின்றது. அடுத்த கணம் மழை இறங்கியது.

அப்படி ஒரு மழையை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு வாரம் சேர்த்து வைத்ததை வானம் ஒரே தெருவுக்குக் கொடுத்தது. மின்னல் வெட்டியபோது துறைமுகம் முழுவதும் எழுந்து நின்றது. கிரேன்கள், அடுக்கிய கன்டெய்னர்கள், தொலைவில் நின்ற கப்பலின் கம்பிகள், கடலின் ஒவ்வோர் அலைமடிப்பும், எல்லாம் ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்து மறைந்தன. மறைந்தபின்னும் கண்ணுக்குள் நின்றன. இரு வீட்டாரும் எழுந்து மாடிச்சுவரோரம் போய், குழந்தைகளைப்போல் வாய்பிளந்து நின்றார்கள். சாரதா அத்தை மட்டும் எழவில்லை. பந்தலுக்குள் உண்மையிலேயே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நான் மேலே பார்த்தேன்.

தார்ப்பாய் மட்டமாக இல்லை. நடுவில் ஒரு வயிறு முளைத்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது பருத்தது. அடுத்த மின்னலில் அந்த நீல வயிற்றுக்குள் ஒளி புகுந்து, உள்ளே தண்ணீர் மெல்லப் புரள்வது தெரிந்தது. ஏதோ பெரிய மீன் ஒன்று எங்கள் தலைக்குமேல் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்ததுபோல் இருந்தது. இன்றும் நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. அவ்வளவு அழகு. அந்த அழகின் நேர் கீழே என் அக்காவின் வருங்கால மாமியார், மடியில் கைகோத்து அமர்ந்திருந்தார். (ஒழுகுவதைப் பந்தலின் குறை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அது பந்தலின் கருணை.)

நான் சட்டத்தை மதிப்பவள். மாமாவிடம் நடந்து சென்று, அவர் காதருகே, "மாமா, பந்தலின் நடுவே நீர் தேங்குகிறது" என்றேன்.

மாமாவும் சட்டத்தை மதித்தார். "பயப்படாத. முடிச்சு அவுராது" என்று கிசுகிசுத்துவிட்டு மின்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சாரதா அத்தையிடம் போனேன். குனிந்து, "அம்மா, தாங்கள் சற்று இப்புறம் வந்து அமர இயலுமா?" என்றேன். அவர் என் உதடுகளை வெறித்துப் பார்த்தார். இடி உருண்டது. மீண்டும் சொன்னேன். மீண்டும் இடி. மாடியோரத்துச் சவுக்குக் கட்டை ஒன்று மெதுவாக வளைந்து, பல்லைக் கடிப்பதுபோல் ஓர் ஒலி எழுப்பியது. முடிச்சு அசையவில்லை. அவிழ மறுக்கும் முடிச்சுக்கும் நிறைந்துகொண்டே போகும் தண்ணீருக்கும் நடுவில், உடையக்கூடியது கட்டை ஒன்றுதான்.

அதன்பின் நடந்ததை நான் செய்யவில்லை. என் தொண்டை செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் பேச இடம் கிடைக்காமல் காத்திருந்த ஒன்று எனக்குள்ளிருந்து கிளம்பி, மழையைக் கிழித்துக்கொண்டு போனது:

"யோவ் மாமா! கெய்வி மண்ட மேல வுயப்போவுதுய்யா! சேரோட இஸ்துகினு வா!"

இடி சரியாக அந்தக் கணத்தில் ஓய்ந்திருந்தது.

மாமா சட்டத்தை மறந்து பாய்ந்தார். நைனா மறுபக்கம் பாய்ந்தார். சாரலில் நனைந்த தரையில் நாற்காலி சாரதா அத்தையோடு வழுக்கிச் சென்று மாடிப்படிக் கதவில் முட்டி நின்றது. கட்டை முறிந்தது. அந்த நீல வயிறு அப்படியே கவிழ்ந்து, அத்தை இருந்த இடத்தில் நின்றிருந்த என்மேல் முழுவதுமாக இறங்கியது. தண்ணீர் என்று சொன்னால் போதாது. ஒரு வாரத்து வானிலை என்மேல் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சீர்த்தட்டு ஆப்பிள்கள் படியில் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கிக்கொண்டிருந்தன. முடிச்சுகள் நான்கும் அப்படியே இருந்தன.

அக்கா இரு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் வாழ்க்கையை ஒரே சொல்லில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கிழவி என்ற அந்தச் சொல் மாடி முழுவதும் கேட்டிருந்தது.

சாரதா அத்தை எழுந்து என்னருகே வந்தார். "என்ன சொன்ன?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். பழைய குரல்தான் வந்தது. "மன்னிக்கவும்..."

"இது வேணாம். மொத சொன்னியே, அது மட்டுந்தான் எனக்கு இன்னிக்கு முழுசாக் கேட்டுது." அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு காது மந்தம் சம்மந்தி. பையன்கிட்டகூட வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தேன். அன்னிக்கு வந்தப்போ, கையை இப்டி வச்சிக்கிட்டு ஒரு வார்த்த வுடாம உங்க எல்லார் பேச்சையும் கேட்டேன். எங்க வீட்ல யாரு இப்டி சத்தமாப் பேசறா? இங்கயாவது காதுக்கு நாலு வார்த்த வுழும்னு ஆசையா வந்தா, எல்லாரும் வாய மட்டும் அசைக்கிறீங்க. எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். தட்டத் தொடாம கெளம்பிடலாம்னு இருந்தேன்."

அன்று அவர் கை காதைப் பொத்தவில்லை. காதுமடலை முன்னால் வளைத்துப் பிடித்திருந்தது. ஒரே வரிக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும் நான், ஒரு கையைத் தப்பாகப் படித்திருந்தேன்.

"மறைக்கறமா? நாங்களா?" அம்மா தன் உண்மைக் குரலுக்குத் திரும்பினார், அணை உடைந்ததுபோல் இருந்தது. "எல்லாம் இந்தப் படிச்ச முண்டம் பண்ண வேல சம்மந்தி! ஒரு வாரமா எங்கள வாயத் தெறக்க வுடலியே! எனக்கு நெஞ்சே அடச்சிக்கிச்சி!"

"இப்ப நல்லாக் கேக்குது" என்றார் சாரதா அத்தை. "தட்ட எடுங்க."

ஈரத் தட்டுகள் மாறின. வெற்றிலை மிதந்தது. கடல்மேல் மின்னல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. மாமா முழுக் குரலில், "பாத்தீங்களா சம்மந்தி, முடிச்சு அவுரல!" என்றார். மறுநாள் அவற்றைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. ஒரு முடிச்சு மாடிச்சுவர்க் கம்பியில் இன்னும் இருக்கிறது. அதில்தான் கொடி கட்டியிருக்கிறோம்.

அக்கா இப்போது மணலி புதுநகரில் இருக்கிறாள். மேகம் முதலில் அவர்கள் வீட்டுக்கு மேல்தான் கட்டும். அப்போதெல்லாம் என் கைபேசி அடிக்கும்.

"கெய்வி பேசறேன். இங்க கருத்துக்கிட்டு வருது. மாடியில துணி இருந்தா எடு."

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, நானும் தெருமுனைவரை எட்டும் குரலில், "இதோ எடுக்கிறேன் அத்தை!" என்பேன். அதைக் கேட்டதும் எதிர்வீட்டு மாடியிலும், அதற்கடுத்த மாடியிலும், பெண்கள் தத்தம் துணிகளை அள்ளத் தொடங்குவார்கள்.