விசாரித்துவிட்ட மாமா

இலவச வக்கீல் இருக்கிறாரே, அவர் கோர்ட்டில் வாயைத் திறக்கமாட்டாராம். கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது மட்டும்தான் இலவசமாம். பேச வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணமாம். இருமினால்கூட அது பேச்சில்தான் சேருமாம். இதை நான் சொல்லவில்லை. முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னாராம். அவருக்கு அவருடைய மைத்துனியின் பல் டாக்டர் சொன்னாராம். வாய் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பல் டாக்டரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இப்படிப்பட்ட செய்திகளை நுரை காய்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே ஓர் இனம் படைக்கப்பட்டிருக்கிறது, வாசகரே. ‘விசாரித்துவிட்டவர்’ என்று அதற்குப் பெயர். விசாரிக்கிறவர் வேறு, விசாரித்துவிட்டவர் வேறு. முன்னவர் கேள்வியோடு வருவார். பின்னவருக்குக் கேள்வியே கிடையாது. குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், முழங்கால் வலிக்கு ஊசி, பழைய ஃப்ரிட்ஜை விற்பது என்று நீங்கள் எதை ஆரம்பித்தாலும் சரி, வாக்கியம் முடிவதற்குள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டி.வி. சத்தத்தைக் குறைத்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, நாற்காலியை உங்கள் முழங்காலில் இடிக்கும் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நான் விசாரிச்சுட்டேன்” என்பார். எங்கே? உலகத்தில் எல்லா இடத்திலும். சம்பந்தப்பட்ட ஆபீஸைத் தவிர.

லாண்டரிக் கடையில் இஸ்திரி போடும் ஓர் அக்காவுக்கு இப்படி ஒரு தாய்மாமா வாய்த்திருந்தார். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மேலும் கீழும் போய்வந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கியவர். அந்தப் பழக்கம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்காவின் கஷ்டம் உண்மையான கஷ்டம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அவருடைய அண்ணன் மகன் அங்கே உடற்பயிற்சிக் கூடம் வைக்கப்போகிறானாம். சர்க்கார் மொழியில் ஒரு கடிதம் வந்தால் நாம் அதை அந்த மொழியில் ஒருமுறை படித்துப் பயப்படுவோம், தமிழில் சொல்லிப் பார்த்து இன்னொருமுறை பயப்படுவோம். அக்கா இரண்டையும் முறையாகச் செய்து முடித்தபோதுதான், கடையில் பித்தான் தைக்கும் தோழி, தபாலாபீஸ் மாடியில் இலவச வக்கீல்கள் இருப்பதைச் சொன்னாள். சம்பளம் குறைவாக இருந்தால் போதும், வழக்கை அவர்களே நடத்துவார்கள். அக்கா இறகு முளைத்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார்.

“சும்மாவா?” என்றார் மாமா.

“சும்மாதான் மாமா. வருமானம் கம்மியா இருக்கணும், அவ்வளவுதான்.”

“சும்மா குடுக்கறவன் சும்மாவா குடுப்பான்? நான் விசாரிச்சுட்டேன்.” நுரைக்காரர், மைத்துனி, பல் டாக்டர் எல்லோரும் வரிசையாக வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். “சரி, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்? போ. ஆனா வருமானம் கம்மின்னு வாயால சொன்னா போதுமா? பாத்தா தெரிய வேண்டாமா?”

“நம்மளப் பாத்தா தெரியலையா?”

மாமா பார்த்தார். தெரியவில்லை. அக்கா பிழைப்பே இஸ்திரி. அந்த வீட்டில் தலையணை உறைக்குக்கூட மடிப்பு உண்டு. பஸ் டிப்போவில் பஸ் கழுவும் அவள் கணவர் கழுவப் போகும்போதே கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரிதான் போவார். கிழிசலாக ஒன்று வேண்டும் என்று மாமா பீரோவைக் கலைத்துத் தேடினார். கிழிந்ததெல்லாம் கிழிந்த அன்றே தைக்கப்பட்டிருந்தது. ஏழை வீட்டில் கிழிசல் எங்கே கிடைக்கும்? அதற்கெல்லாம் வசதி வேண்டும்.

மாமா சளைத்தவரா? வெளியே போனார். சீக்கிரமே ஒரு ஜீன்ஸோடு திரும்பி வந்தார். இரண்டு முழங்காலிலும் ஜன்னல், தொடையில் ஒரு காற்றுத் துவாரம், ஓரமெல்லாம் நூல் தொங்கல்.

“ஏது மாமா?”

“வீட்டுக்காரரோட அண்ணன் மகன் கொடுத்தான். நல்ல பையன்.”

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அவன்கிட்டயா கேட்டீங்க? எதுக்குன்னு கேக்கலையா?”

“கேட்டான். இலவச வக்கீலைப் பாக்கப் போறோம், கொஞ்சம் ஏழையாத் தெரியணும்னு சொன்னேன். எனக்குப் பொய் வராதும்மா.”

மறுநாள் காலையில் கணவர் அந்த ஜீன்ஸை மாட்டிக்கொண்டார். கை சும்மா இருக்கமாட்டாமல் அக்கா அதற்கும் இஸ்திரி போட்டிருந்தாள். கத்தி மாதிரி மடிப்பு முழங்கால் வரை நேராக வந்து, ஜன்னலில் காணாமல் போய், கீழே மறுபடி ஆரம்பித்தது.

தபாலாபீஸ் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், காற்று வராத மின்விசிறி, ஜலதோஷம் பிடித்த ஓர் இளம் வக்கீலம்மா. மூக்கைச் சிந்திவிட்டு, “யாருக்குப் பிரச்சினை?” என்றாள்.

“எங்களுக்கு” என்றார் மாமா.

“சம்பளச் சீட்டு இருக்கா?”

அக்கா பையிலிருந்து எடுத்தாள். மாமா அதை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். “முதல் தடவையே காட்டக் கூடாது. நான் விசாரிச்சுட்டேன்.”

“யார்கிட்ட?”

“அது வந்து... பல் டாக்டர்கிட்ட.”

வக்கீலம்மா மூக்கை மறுபடி துடைத்துக்கொண்டாள். பிறகு எட்டி, அவர் பையிலிருந்து சீட்டை அவளே எடுத்துப் படித்தாள். “இது போதும். நீங்க தகுதி உள்ளவங்கதான்.” பார்வை கணவரின் முழங்காலுக்கு இறங்கியது. “ஆனா இந்த ஜீன்ஸ் எங்க வாங்கினீங்க? என் தம்பி இதே கம்பெனிதான் வேணும்னு அடம் பிடிக்கிறான். விலையைப் பாத்துட்டுக் கடையிலிருந்து ஓடி வந்துட்டேன்.”

கணவர் இரண்டு கையாலும் இரண்டு ஜன்னலையும் சாத்தினார்.

“நீங்க இங்க வர்றது வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டுத்தான் வந்தோம்” என்றார் மாமா பெருமையாக.

வக்கீலம்மா கையிலிருந்த வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ அவங்க சும்மா இருக்கமாட்டாங்க, முந்திக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. இன்னிக்கே நாம பதில் போட்டாகணும். எதிர்த்து நிக்கறதா, டைம் கேக்கறதான்னு எங்க பெரிய வக்கீல்கிட்டப் பேசிட்டு மத்தியானம் போன் பண்றேன். அக்கா, நீங்க உங்க வாயால சரின்னு சொல்லணும். சொன்னா கோர்ட் ஆபீஸ் மூடறதுக்குள்ள போட்டுடுவேன். சொல்லலைன்னா என்னால எதுவும் பண்ண முடியாது. ஆபீஸ் போன்ல நம்பர் காட்டாது, பயப்படாம எடுங்க.”

இறங்கி வரும்போது அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “அந்தப் பொண்ணு எவ்வளவு நல்லாப் பேசுது மாமா!”

“பேசினா இல்ல? அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றார் மாமா. பேசவே மாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தவருக்குப் பேசியது பெரிய ஏமாற்றம்.

மத்தியானம். சாப்பாட்டு மேசை நடுவில் போன். சுற்றிலும் மூன்று பேர், பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் மாதிரி. போன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை.

மாமாவின் உள்ளங்கை போன்மேல் விழுந்தது. “எடுக்காதே! நம்பர் தெரியாத போனை எடுத்தா வீடே போயிடும். நான் விசாரிச்சுட்டேன்.”

“எடுக்கலைன்னாதான் மாமா வீடு போயிடும்! நம்பர் வராதுன்னு அவங்களே சொன்னாங்களே!”

“திருடனும் அதையேதான்மா சொல்லுவான்.”

“விடுங்க மாமா, நான் எடுக்கறேன்” என்றார் கணவர்.

“உன்கிட்டயா சரி சொல்லச் சொன்னா? சும்மா இரு மாப்பிள்ளை. ஒரே நிமிஷம், கேட்டுடறேன்.” இடது கையால் தன் போனை எடுத்து முடிவெட்டும் கடைக்கு அடித்தார். அங்கே எடுக்கவில்லை. கடைக்காரருக்கும் யாரோ சொல்லி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அக்காவின் கை நீண்டது. மாமா கிழவர், உதறித் தள்ள ஒரு நொடி போதும். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும் கை அது. ஆனாலும் பாதி வழியில் நின்றது. ஒருவேளை, ஒரே ஒருவேளை, மாமா சொல்வதில் ஏதாவது இருக்குமோ? இந்த இனம் உங்களை முழுதாக நம்பவைக்க வேண்டியதே இல்லை, வாசகரே. பாதி நம்பினால் போதும், மீதி வேலையை உங்கள் கையே பார்த்துக்கொள்ளும்.

சிரிக்கிறீர்கள். நானாக இருந்தால் எப்போதோ எடுத்திருப்பேன் என்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் தங்கை ஏதோ ஓர் ஆபீஸுக்குப் போகிறேன் என்றபோது, “அங்கயா? போய்ப் பிரயோஜனமே இல்லையாமே” என்றது யார்? அந்த ‘யாமே’யை எங்கே வாங்கினீர்கள்? வேண்டுமானால் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி ஏறியிருக்கிறதா என்று. சீக்கிரம் பாருங்கள். கோர்ட் ஆபீஸ் மூடப்போகிறது, மாமாவின் கைக்கடியில் போன் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.