ஐந்துக்கு நான்கு போட்ட மாமனார்

புகார்ப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். இதுவரை நான் அனுப்பிய ஆறு முறையீடுகளுக்கும் மூன்றே விநாடியில் பதில் வந்துவிட்டபடியால், இதைப் படிப்பது மனிதரா இயந்திரமா என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர் என்றால் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இயந்திரம் என்றால் மின்சாரம் தடைப்படாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது மரபு. எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தியவன். வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணைக்கும் தங்கள் இணையதளத்தில் ஆறு வருடமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்து வந்தவர் என் மாப்பிள்ளை, ஒரே மகளின் கணவர். நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறோம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டு, இயந்திரம் சுற்றும்போதெல்லாம் மேசையும் கூடவே ஆட, அதில் உட்கார்ந்தே நான்கு பேருக்கும் சோறு போட்டவர். மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். ஐந்தாவது ஆளும் அந்த மேசையை நம்பித்தான் வருகிறது.

என் பாடக்குறிப்புகளைப் புத்தகமாக்க ஆசைப்பட்டேன். மாப்பிள்ளை சும்மாவே செய்து தருகிறேன் என்றார். நான்தான், அவர் கணக்கில் ஒரு வேலை கூடட்டுமே என்று தங்கள் தளத்தில் முறைப்படி பதிந்து கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இருபதே நாள், மலையெல்லாம் மலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஓர் ஆற்றின் பெயர் மலை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆகவே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டேன். முழு மதிப்பெண் நான் யாருக்கும் போட்டதில்லை. புவியியலில் அது நடக்கிற காரியமே இல்லை, எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளை வரைந்தாலும் ஏதாவது ஓர் ஆறு தப்பான கடலில் போய் விழும். என் சொந்த மகளுக்கே எழுபத்தெட்டு போட்டவன் நான். எழுத்திலும் பாராட்டினேன்: “நன்று. இன்னும் முயன்றால் மேலும் சிறக்கலாம்.” அதைச் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாக வேறு சொன்னேன்.

“நாலா போட்டீங்க மாமா?”

“ஆமா மாப்பிள்ளை. எண்பது பர்சென்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

அவர் எழுந்து போய், கழுவிய தட்டையே இன்னொரு தடவை கழுவினார். மகள்தான் விளக்கினாள். “அப்பா, அங்க அஞ்சுன்னா பாஸ். நாலுன்னா ஃபெயில். நடுவுல ஒண்ணும் கிடையாது.”

கடைசிப் பத்து வேலைகளைத்தான் தங்கள் இயந்திரம் கணக்கில் எடுக்குமாம். அந்தப் பத்தில் ஏற்கெனவே இரண்டு நான்கு இருந்தனவாம். ஒருவர், அப்போது தனக்குக் காய்ச்சல் என்று பிறகு வருத்தம் தெரிவித்தார். இன்னொருவர் ‘அற்புதம், அபாரம், இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை’ என்று எழுதிவிட்டு நான்கு போட்டிருந்தார், அவரும் ஆசிரியராக இருந்திருக்கலாம். மூன்றாவது நான்கு என்னுடையது. சராசரி நான்கு புள்ளி ஏழு. நான்கு புள்ளி எட்டுக்குக் கீழே போனால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பதக்கத்தைப் பிடுங்கி, தேடுகிறவர் கண்ணில் படாத இடத்தில் தள்ளிவிடுவீர்களாம். ஐயா, ஐந்துக்கு நான்கு புள்ளி ஏழு என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று நாலு வாங்கிய பிள்ளையை நாளையிலிருந்து வராதே என்று சொன்ன பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை. ஆகையால் அந்த நான்கு சரியான நான்கு என்பதே இன்றும் என் கருத்து. திருத்த வேண்டியது தங்கள் இயந்திரத்தை.

அடுத்த பதினேழு நாள் ஒரு வேலையும் வரவில்லை. மாப்பிள்ளை கூலியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். துணி துவைக்கும்போது மேசை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. “ஊரான் பிள்ளைங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டது பத்தாதுன்னு இப்ப வீட்டுப் பிள்ளையோடதும் வேணுமா?” என்று என் மனைவி கேட்டாள்.  செய்தவன் நான், நானே சரி செய்கிறேன் என்று கிளம்பினேன். அங்கேதான் சனி பிடித்தது.

என்னோடு வேலை பார்த்த மூன்று பேரைப் பிடித்தேன். கணக்கு வாத்தியார், பி.டி. மாஸ்டர், பூதக்கண்ணாடி என்று பிள்ளைகள் பெயர் வைத்த வேதியியல் ஆசிரியர். மூவருக்கும் தங்கள் தளத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆகையால் மூவருக்கும் என் கைப்பேசியிலேயே கணக்கு தொடங்கி, மாப்பிள்ளைக்கு ஆளுக்கொரு வேலை கொடுக்க வைத்தேன். பி.டி. மாஸ்டர் தன் சர்க்கரை அளவு எழுதிய நோட்டைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு நான்தான் இதன் பின்னால் இருக்கிறேன் என்று தெரியாது. ஓடி வந்து, “மாமா, வேலை வர ஆரம்பிச்சிடுச்சு. ஒரே நாள்ல மூணு” என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தாங்கள் இயந்திரமாகவே இருந்தாலும் கலங்கியிருப்பீர்கள். அந்தச் சர்க்கரைக்கு அவர் நான்கு வண்ணத்தில் வரைபடமே போட்டுக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும், மகளை மாப்பிள்ளை மருத்துவரிடம் அழைத்துப்போன நேரம் பார்த்து மூவரையும் வீட்டுக்கு வரவழைத்தேன். இருவர் உடனே ஐந்து போட்டார்கள். பூதக்கண்ணாடி பத்து நிமிடம் யோசித்தார். “ஓரத்துல இடம் கொஞ்சம் அதிகமா விட்டிருக்காரே” என்றார். பி.டி. மாஸ்டர் அவர் கையைப் பிடித்து ஐந்தாவது நட்சத்திரத்தில் வைத்து அழுத்தினார். ஒரே வீடு, ஒரே கைப்பேசி, பதினோரு நிமிடத்தில் மூன்று ஐந்து. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் தங்கள் இயந்திரம் இதை மோசடி என்று கண்டுபிடித்து, ஆறு வருடக் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டது. நானூற்றுப் பதினெட்டு வேலை, அத்தனையும் போயிற்று.

மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கைப்பேசியில் செய்தியைப் படித்துவிட்டார். உள்ளே வந்து, நான்கு டீ டம்ளரையும் எங்களையும் பார்த்தார். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பரவால்ல மாமா, நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறார். இடுப்பு வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வருகிறார். அங்கேயும் மணிக்கு எத்தனை பெட்டி என்று தினமும் ஒரு மதிப்பெண் உண்டாம். சாப்பிட்டதும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். மேசையை மடக்கிவிட்டோம், அந்த இடத்தில் தொட்டில் வரும் என்கிறாள் மகள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குற்றம் செய்தவன் நான். அவருக்கு அதில் துளியும் பங்கில்லை. என் கணக்கை மூடுங்கள், என் பெயரை எந்தப் பட்டியலில் வேண்டுமானாலும் போடுங்கள், அவர் கணக்கைத் திறந்து விடுங்கள். ஆனால் பயந்துகொண்டு ஐந்து போடுகிற ஊரில் ஐந்துக்கு என்ன மதிப்பு என்பதைத் தங்கள் மேலிடத்தில் யாராவது ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். தாங்களும் தங்கள் பிள்ளைகளும் நீண்ட ஆயுளுடன், எவர் முன்னும் மதிப்பெண்ணுக்கு நிற்காமல் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மேற்படி கணக்குதாரரின் மாமனார்

பின்குறிப்பு: இம்முறை, கடிதத்தைத் தங்கள் படிவத்தில் எழுதி முடித்த பிறகும் அனுப்பும் பொத்தான் உயிர் பெறவில்லை. எங்கள் சேவையை மதிப்பிட்டால்தான் முறையீடு ஏற்கப்படும் என்று ஐந்து நட்சத்திரம் வந்து நின்றது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐந்தையும் அழுத்திவிட்டேன். காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது, ‘மிக அருமையான சேவை’ என்று எழுதியிருக்கிறேன். மேலே என் நான்கு சரி என்று சொன்ன இடங்களை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். ஐந்து போட்டிருக்கிறேன், தயவுசெய்து பார்க்கவும்.