டார்ச் அண்ணன் பார்க்காத கடைசிப் பத்து நிமிஷம்

கெடா மாநிலத்திலேயே அதிகமாக சினிமா பார்த்தவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், டார்ச் அண்ணன். ஒரு சினிமாவைக்கூட முழுசாகப் பார்க்காதவர் யார் என்று கேட்டாலும் என் பதில் அதேதான்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவருக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு தியேட்டரில் வேலை. இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் லைட் அடித்து நாற்காலி காட்ட வேண்டும். படம் ஆரம்பித்து அரை மணி நேரம் வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் வெளியே போய்க் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, சைக்கிள் கொட்டகையில் காவல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவனவன் கைக்குக் கிடைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். ஆக அவர் பார்த்த சினிமாவுக்கெல்லாம் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

ஜப்பான்காரன் வந்ததும் இங்கிலீஷ் படங்களுக்குத் தடை விழுந்தது. தியேட்டரில் ஆகாயக் கப்பல் குண்டு போடுகிற படமாக ஓடிற்று. அதைப் பார்க்க யாரும் தாமதமாக வருவதில்லை, ஏனென்றால் யாரும் வருவதே இல்லை. வேலை போன டார்ச் அண்ணன், இடுப்பில் டார்ச் லைட்டைச் செருகிக்கொண்டு, பீடோங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார். டார்ச்சில் பேட்டரி கிடையாது. அந்தக் காலத்தில் பேட்டரிக்கு எங்கே போவது, உப்புக்கே வழியில்லை. ஆனாலும் அதை ஒருநாளும் கீழே வைக்கமாட்டார். சொந்தப் பெயர் செக்ரோல் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எழுதியவன் நான். நான் அங்கே ஆபீஸ் கணக்கு எழுதும் சின்னக் கிராணி, கல்யாணம் ஆகாத இருபத்திரண்டு வயசுக்காரன்.

வேலை என்று பார்த்தால் மனுஷர் சுத்த சைபர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், கித்தாப்பால் வாங்க ஆளில்லாமல், தோட்டம் முழுக்க மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் மண்வெட்டியால் வெட்டினால் மரவள்ளியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் படும். பவுனக்கா என்று மரம் சீவிப் பால் எடுக்கும் ஒரு பால்மரத்துக்காரி இருந்தாள், வாய்க்குப் பேர்போனவள். "அண்ணே, நீங்க சும்மா நில்லுங்க, அதுவே எங்களுக்குப் பெரிய ஒதவி" என்று கும்பிடுவாள்.

ஒருநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, ஜப்பான் அதிகாரி ஒருவன் தாமதமாக வந்தான். இடுப்பில் கத்தி, முகத்தில் எள்ளும் கொள்ளும். நாங்கள் எல்லாரும் குனிந்து நிற்கிறோம். டார்ச் அண்ணனுக்குப் பழக்கதோஷம். தாமதமாக ஓர் ஆள் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எரியாத டார்ச்சை நீட்டி, முதுகை வளைத்து, "இப்படி வாங்க, காலைப் பார்த்து" என்று முன்னால் நடந்தார். அதிகாரி கொஞ்சம் விழித்தான். பிறகு பேசாமல் அவர் பின்னாலேயே போய், அவர் காட்டிய இடத்தில், பலாமரத்தடியில், பெரட்டு முடியும்வரை நின்றான். முதுகு வளைந்திருந்ததால் மரியாதை என்று நினைத்திருப்பான்.

"ஜப்பான்காரனுக்கே சீட்டு காட்டுனவரு" என்று அன்றைக்கே புகழ் பரவிவிட்டது. அதற்குப் பிறகுதான் சினிமாக் கதை கேட்டு ஆட்கள் அவரை மொய்க்க ஆரம்பித்தார்கள்.

அவர் சொல்ல எடுத்தது ஒரு பேய் பங்களாக் கதை. சண்டைக்கு முன் சுங்கைப்பட்டாணியில் நாற்பது ஆட்டம் ஓடிய கறுப்பு வெள்ளைப் படம். மலை உச்சியில் ஒரு பங்களா, விடாத மழை, செத்துப்போன ஒரு கிழட்டுத் துரையின் சொத்துக்காக வந்து தங்கும் ஆறு சொந்தக்காரர்கள். சுவர்க் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் விளக்கு அணையும். மறுபடி எரியும்போது ஒருவரைக் காணோம். கம்பளத்தில் ரத்தம் மட்டும் இருக்கும். கொன்றது யார்? இதுதான் கதை.

பால் நிறுக்கும் கொட்டகை சும்மா கிடந்தது. சாயந்தரம் வேலை முடிந்ததும் ஆட்டம் அங்கேதான். சாக்குப் பையில் உட்கார்ந்தால் முதல் கிளாஸ், வெறும் தரை என்றால் மூன்றாவது. வெற்றிலை துப்பக்கூடாது. அழுகிற பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டும். தாமதமாக வந்தவர்களை அவரே கதையை நிறுத்திவிட்டு, எரியாத டார்ச்சைக் காட்டி உட்கார வைப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

கதை சொல்லும் முறைதான் விசேஷம். கண்ணால் பார்த்ததை மட்டுமே சொல்வார், ஆனால் பார்த்தது எதையும் விடமாட்டார்.

"கடிகாரம் அடிச்சிச்சா... வெளக்கு அணைஞ்சிச்சா... அந்த நேரம் பார்த்து ஒரு குண்டு சீனத் தவுக்கே பொண்டாட்டியோட உள்ள வந்தான். மளிகைக் கடைக்காரன். மழையில நனைஞ்சிட்டு வந்திருக்கான். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி ஒக்கார வச்சேன். திரும்பிப் பாக்குறேன், மூணாவது ஆளைக் காணோம்!"

சுங்கைப்பட்டாணியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு தாமதமாகப் படம் பார்க்க வந்த கடை முதலாளிதான் அந்தத் தவுக்கே. எங்கள் ஜனங்கள் இங்கிலீஷ் படம் பார்த்ததில்லை. அவனும் படத்தில் வருகிறவன் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மழையில் நனைந்து வந்திருக்கிறான், அவன் உள்ளே நுழைந்த நேரத்தில் ஆள் காணாமல் போயிருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்?

"அந்தத் தவுக்கேதான் லா!" என்று பவுனக்கா தொடையைத் தட்டிச் சத்தியம் செய்தாள். "கடையை விட்டுட்டு அந்த நேரத்துக்கு அங்க அவனுக்கு என்ன வேலை?"

பாதித் தோட்டம் தவுக்கே கட்சி. ஆட்களை மேய்க்கும் மண்டோர் தலைமையில் மீதிப் பாதி, காலை இழுத்து இழுத்து நடக்கும் சமையல்காரன்தான் கொலைகாரன் என்றது. மண்டோருக்குக் கிடா மீசை. அவர் செருமினால் பிள்ளைகள் ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்குள் ஓடி ஒளியும். அப்படிப்பட்டவர் சாயந்தரமானால் முதல் ஆளாக வந்து சாக்கில் உட்கார்ந்து, ரத்தம் என்ற வார்த்தை வந்தால் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் அந்தக் கை என்னுடையதாக இருக்கும்.

ஒரு மத்தியானம் ஆபீஸில் தனியாக இருந்தபோது நானே கேட்டுவிட்டேன். "அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. யாரு கொன்னது?"

டார்ச் அண்ணன் வாசலை ஒரு தரம் பார்த்தார். "தம்பி, வெளிய சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாது. நாப்பது ஆட்டத்திலயும் கடைசிப் பத்து நிமிஷம் நான் சைக்கிள் கொட்டகையிலதான் நின்னேன்."

"வெளிய வந்தவங்களைக் கேட்டிருக்கலாமே?"

"அவனுங்க சைக்கிளைத் தேடுவானுங்களா, எனக்குக் கதை சொல்லுவானுங்களா?"

நானே மூன்று முடிவுகள் கட்டிக் கொடுத்தேன். ஒன்றில் தவுக்கேயையே தூக்கில் போட்டிருந்தேன். அவர் சம்மதிக்கவில்லை. படத்தில் இல்லாததைச் சொன்னால் ஜனங்களை ஏமாற்றினதாக ஆகிவிடுமாம். இந்த விஷயத்தில் மட்டும் மனுஷர் அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு.

இதற்கு நடுவில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டு உத்தரவு வந்தது. தோட்டத்துக்கு எட்டுப் பேர். போனவர்கள் மூன்று மாசத்தில் வருவார்கள் என்றான் ஜப்பான்காரன். மூன்று மாசமும் போயிற்று, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதலில் போனவர்களில் யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் வாந்திபேதி என்கிற சேதிதான். பட்டியல் எழுதுகிற பொறுப்பு மண்டோர் தலையில் விழுந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர்கள் முதலில் என்பது ஊர் நியாயம். டார்ச் அண்ணனுக்கு யாருமில்லை, வேலையும் தெரியாது. அவர் பெயரைத்தான் முதலில் எழுதினார் மண்டோர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோடு போட்டு அடித்துவிட்டார்.

"முடிவைச் சொல்லிட்டுப் போகட்டும். இப்பப் போயிட்டா அப்பறம் யாரு சொல்றது?" என்றார் என்னிடம். அந்த இடத்தில் வேறொருவன் பெயர் ஏறியது.

இரண்டாவது பட்டியலிலும் அதே கதை. டார்ச் அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதை முடியாத வரைக்கும் அவர் உயிர் கெட்டி. முடிவு தெரியாது என்பது வெளியே தெரிந்தால் மறு லாரியில் அவர்தான். அப்புறம் பார்க்க வேண்டுமே! கதாநாயகி மெழுகுவர்த்தியோடு மாடிப்படி ஏற ஆரம்பித்தாள். மொத்தம் பன்னிரண்டு படி, அதை ஏற ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அவர் சீட்டு காட்டிய அத்தனை பேரும் வந்து போனார்கள், குடும்பம் குடும்பமாக. ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்தது உட்பட.

"ஏண்ணே, அவ காலு என்ன சிமெண்டா?" என்று பவுனக்கா கத்தினாள். ஆனால் மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது பட்டியல் வந்தது. இந்த முறை தோட்டத்தில் மிச்சமிருந்த கட்டைப் பிரம்மச்சாரிகள் இரண்டே பேர்தான். டார்ச் அண்ணன் ஒருவர், நான் ஒருவன். நிறுக்கப் பாலில்லாத கிராணியால் யாருக்கு என்ன லாபம்? மண்டோர் என்னிடம் வந்து மீசையைத் தடவினார். "கிராணியாரே, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பேரைத்தான் எழுத வேண்டியிருக்கு. அந்தப் பொண்ணு இப்பதான் மாடிக் கதவுல கை வச்சிருக்கா."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். 'அவருக்கு முடிவே தெரியாது' என்று மண்டோரிடம் சொன்னால் என் பெயர் போய் அவர் பெயர் ஏறிவிடும். சொல்லக்கூடாது என்று இரண்டு நாள் என்னோடு நானே மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் தோற்றுப்போனேன். பசியாறாமல்கூட மண்டோர் வீட்டுக்கு நடந்தேன். முப்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன்.

நான் படலைத் திறக்கப் போகிறேன், உள்ளேயிருந்து டார்ச் அண்ணன் வெளியே வருகிறார். ஒரு பக்கக் கன்னம் சிவந்திருந்தது.

"என்னண்ணே இது?"

"மண்டோருக்குக் கை கொஞ்சம் கனம் தம்பி" என்று சிரித்தார். "சொல்லிட்டேன். எனக்கு முடிவு தெரியாது, நான் பார்க்கவே இல்லைன்னு. மனுசன் அழுதுட்டாரு லா. அழுதுட்டுத்தான் அடிச்சாரு."

"ஏண்ணே சொன்னீங்க?"

"ஒங்க பேரை எழுதியிருக்காராமே. நீங்க சின்னப் புள்ள." என் முகத்தைப் பார்த்தார். "ஆமா, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாத்தான் அண்ணே" என்றேன்.

அவருக்குத் தெரிந்திருக்கும். வருஷக்கணக்காக இருட்டில் ஆள் முகம் பார்த்துப் பழகினவர். "சரி சரி, வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு லயத்து வீடுகள் பக்கம் போனார்.

லாரி வந்த அன்று தோட்டமே கூடி நின்றது. மண்டோர் வெட்கத்தில் உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. டார்ச் அண்ணன் கடைசியாகத்தான் ஏறினார். மற்ற ஏழு பேரையும் டார்ச்சைக் காட்டி, "மெதுவா, காலைப் பார்த்து, உள்ள தள்ளி ஒக்காருங்க" என்று இடம் பார்த்து உட்கார வைத்த பிறகுதான் ஏறினார். பவுனக்கா லாரிக்குப் பின்னாலேயே ஓடினாள். "அண்ணே! தவுக்கேதானேண்ணே? தலையை மட்டும் ஆட்டுங்கண்ணே!" லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

சண்டை முடிந்து அந்த எட்டுப் பேரில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். கம்பிமேல் துணி காயப்போட்ட மாதிரி இருந்தான். பீடோங் பாசாரில் அவனைப் பிடித்துக் காப்பி வாங்கிக் கொடுத்து டார்ச் அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

"அங்கயும் அந்தக் கதைதான் கிராணியாரே. மழை, காய்ச்சல், தெனம் நாலு பேரு அஞ்சு பேருன்னு போய்ட்டு இருந்தாங்க. ஆனா அங்க அவரு முடிவைச் சொல்லிட்டாரு."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டேன். "யாரு கொன்னதாம்?"

"யாரும் கொல்லலையாம். காணாமப் போனவங்க யாரும் சாகவே இல்லையாம். பங்களாவுக்குக் கீழ ஒரு ரூம்பு இருக்காம், எல்லாரும் அங்கதான் பத்திரமா இருந்தாங்களாம். மழை விட்டதும் ஒவ்வொருத்தரா மேல ஏறி வந்து, வரிசையா ஒக்காந்து சோறு தின்னாங்களாம். நாங்க திரும்பத் திரும்பக் கேப்போம், என்னா கறின்னுகூட விடாம சொல்லுவாரு." அவன் காப்பியைக் குடித்து முடித்தான். "அதுக்கு மறு வாரம் அவருக்கும் காய்ச்சல் கண்டுச்சு. அவ்வளவுதான்."

பிறகு அந்தப் படம் சுங்கைப்பட்டாணிக்கு மறுபடி வந்தது. தோட்டமே லாரி பிடித்துப் போயிற்று, மண்டோர் உட்பட. பவுனக்கா கொதித்துப்போய்த் திரும்பி வந்தாள். "வேற ஏதோ படத்தைக் காட்டி ஏமாத்திட்டானுங்க! தவுக்கேயே வரல, தெரியுமா?" பிறகு அந்தப் படத்தில் கொன்றது யார் என்று எனக்குச் சொல்ல வந்தாள். வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

இன்றைக்கு வரைக்கும் நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர் சொன்ன முடிவு இருக்கிறது. சோறு தின்கிற அந்த வரிசையில், எல்லாரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு சாக்கை இழுத்துப்போட்டுக்கொண்டு, டார்ச் அண்ணனும் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.