முனியாண்டி முன்னால் சுல்தான்

வீட்டில் ஒருமுறை 'டொக்டர்' என்று பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வராது. பிலிமத்தலாவையில் ஒரு மிருக வைத்தியரிடம் நான் தாதியாகச் சேர்ந்த புதிது. புண் கழுவுவது, மருந்து புகட்டுவது, கூட்டைச் சுத்தம் செய்வதுதான் வேலை. ஆனால் புசல்லாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு நான் டொக்டரம்மா. (கூடு கழுவும் விஷயத்தை மட்டும் நான் அங்கே பரப்பவில்லை.)

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முதல் நாள், பரீதா ராத்தா தன் செல்லச் சேவல் சுல்தானைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பாதத்தில் சீழ்க்கட்டி. டொக்டர் கீறிக் கட்டுப் போட்டார். மறுநாள் கிளினிக் மூடியிருக்கும் என்பதால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே முந்திக்கொண்டேன்.

"தங்கச்சி, புள்ளயில்லாத ஊட்டுக்கு இவன்தான் புள்ள. பத்திரமாப் பாத்துக்கோங்க," என்றார் ராத்தா. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

டொக்டர் கலங்கவில்லை. "இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில கால மட்டும் ஊற வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். இதுக்கு ஏதாவது நடந்தா, நீங்களும் வேலைக்கு வரத் தேவயில்ல."

போயாவன்று எங்கள் தோட்டத்தில் முனியாண்டி பூசை. எனக்கு வேலை கிடைத்ததற்காக அம்மா ஒரு சிவப்புச் சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். அது வீட்டின் பின்பக்கம் கூடைக்கடியில் கிடந்தது. சுல்தானும் சிவப்புதான். அதில் ஓர் ஆபத்து இருப்பதாக டொக்டரம்மாவுக்குத் தோன்றவில்லை.

காலையில் வலிக்கான சொட்டு மருந்தைக் கொடுத்தேன். சுல்தான் சற்றே சொக்கிப்போனான். கட்டைப் பிரித்தேன். வெறும் உப்புத் தண்ணீர் எனக்குப் போதவில்லை. ஒரு கை மஞ்சளையும் அள்ளிப் போட்டேன். காலை மட்டும் நனைப்பானேன் என்று முழுச் சேவலையும் குளிப்பாட்டினேன். (படிப்பு அப்படி.) புதுத்துணி எடுக்க உள்ளே போய்த் திரும்பினால் பேசின் இருந்தது, சுல்தான் இல்லை.

"அம்மா, இங்க இருந்த சேவல் எங்க?"

பூசைத் தட்டோடு கிளம்பிக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "சித்தப்பா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. நீயே மஞ்சத் தண்ணியில குளிப்பாட்டி ரெடியா வச்சிருந்தியாமே. கெட்டிக்காரின்னு சொல்லிட்டுப் போறாரு."

கூடைக்கடியிலிருந்து எங்கள் சேவல் கூவியது. செருப்பைக்கூட மாட்டாமல் தேயிலைக்கு நடுவே ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் சேவலை முதலில் சாமி முன்னால் நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். அடுத்தது கத்திதான். நான் போய்ச் சேர்ந்தபோது சுல்தான் ஒற்றைக் காலில் நின்றான். பூசாரியின் இடது கையில் செம்பு, வலது கையில் கத்தி.

"சித்தப்பா, இது நம்ம சேவல் இல்ல."

"சாமி முன்னால வந்ததுக்கப்புறம் பேசக் கூடாது புள்ள."

"மருந்து குடுத்த சேவல். திங்கக் கூடாது."

"முனியாண்டிக்கு மருந்து ஒண்ணும் பண்ணாது," என்றார் பூசாரி. தண்ணீரைத் தெளித்தார்.

நானும் கண்ணை மூடி வேண்டினேன். ஆடாதேடா சுல்தான், உனக்குப் புண்ணியமாய்ப் போகும். சொட்டு மருந்தின் சொக்கில் அவன் அசையவில்லை. மறுபடியும் தெளித்தார். அசையவில்லை. கடைசியில் செம்பையே கவிழ்த்தார். ஒரு செட்டைகூட அசையவில்லை.

"உத்தரவு இல்ல. யாரோ கொற வச்சிருக்கீங்க," என்று பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். மூச்சு வாங்க வந்துசேர்ந்த அம்மா, மகளின் வேலையே போய்விடும் என்று அழ ஆரம்பித்தார். (அவர் நினைத்த காரணம் தவறு. பயம் சரி.)

நான் பாய்ந்து சுல்தானைத் தூக்கி மார்போடு அணைத்தேன். அந்த அணைப்பில்தான் அவனுக்குத் தெளிவு வந்தது. கழுத்திலிருந்து வால் வரை ஓர் உதறு உதறினான். செம்புத் தண்ணீர் முழுவதும் என் தலையில், முகத்தில், சட்டையில். குளிரில் எனக்கும் உடம்பு நடுங்கிச் சிலிர்த்தது.

"உத்தரவு கெடச்சிருச்சு," என்றார் பூசாரி, தன்னை மறந்து.

சித்தப்பா மஞ்சள் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார். "எதுக்கு? சேவலுக்கா, இவளுக்கா?"

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் நான் சுல்தானோடு வீட்டுக்கு ஓடிவிட்டேன். அம்மாவின் சேவல் அன்று மாலை முறைப்படி முனியாண்டிக்குப் போனது. மறுநாள் சுல்தானை வாங்கிய ராத்தா அவனை முகர்ந்துபார்த்து, "மஞ்சள் வாசம் வருதே?" என்றார். மருந்து என்றேன். என் வேலை தப்பியது.

இன்றும் ஒவ்வொரு பூசையிலும் மஞ்சள் செம்பு வெளியே வந்ததும் சித்தப்பா கூட்டத்தை விலக்குவார். "டொக்டரம்மாவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. சாமி கேட்டத நாம இன்னும் குடுக்கல."